பிசிறுக்கு ஒரு வம்சாவளி

1964-இல் லண்டனின் வடபகுதியில் வசித்த கிட்டார் வாசிக்கும் 17 வயதுப் பையன் டேவ் டேவிஸ், தன்னிடமிருந்த எல்பிக்கோ என்ற சிறிய மலிவான ஆம்ப்ளிஃபயரின் (சுருக்கமாக ஆம்ப்) ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறிவிட்டார். கிழிந்த காகிதம் அதிர்ந்து கரகரத்தது. அந்தக் கரகரப்பை வாக்ஸ் ஏசி30 என்ற பெரிய ஆம்ப் வழியாக வெளியேற்றி அவரது கிங்க்ஸ் குழு பதிவு செய்த 'யூ ரியலி காட் மீ' அதே ஆண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதற்கு 6 ஆண்டு மூத்தது, அமெரிக்காவின் லிங்க் ரே வாசித்த 'ரம்பிள்'. அவர் பென்சிலால் குத்தி ஸ்பீக்கரில் ஓட்டை போட்டவர். இன்னும் பின்னால் போனால் 1951, மெம்பிஸ் நகரம். ஐக் டர்னரின் குழு வழியில் அடிபட்ட ஆம்ப்போடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கூடத்தை நடத்திய சாம் பிலிப்ஸ் பிய்ந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, ரிப்பேருக்கு அனுப்பாமல் பதிவைத் தொடங்கினார். 'ராக்கெட் 88' பிறந்தது. ராக் இசையின் முதல் இசைத்தட்டு அதுதான் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு.

ரேடியோ மெக்கானிக் யாராக இருந்தாலும் அரை நாளில் சரிசெய்து கொடுத்திருக்கக்கூடிய பழுதுகள் இவை. இன்று ஒரு நடுத்தரக் கைபேசியின் விலைக்கு வாங்கும், பழைய ஆம்ப்புகளின் ஒலியைப் படியெடுத்துத் தரும் மாடலிங் ஆம்ப்பில் குமிழைத் திருப்பினால் இந்த வகைப் பிசிறுகள் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. பழுதைப் பழுதில்லாமல் படியெடுக்க ஒரு தொழிலே 30 ஆண்டுகளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. எதை வாங்குவது, வாங்கியதை எப்படிக் கையாள்வது என்று கேட்பவர்களுக்கு விலைப்பட்டியலைவிட இந்த வரலாறு நல்ல வழி காட்டும் என்பது என் எண்ணம்.

கிட்டார் ஆம்ப் ரேடியோ கடையில் பிறந்தது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938 முதல் ரேடியோ பழுதுபார்த்து வந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் விரும்பியது சுத்தமான ஒலி. வாசிப்பவர்கள்தான் அவர் நினைத்த இடத்தைத் தாண்டிக் குமிழைத் திருப்பினார்கள். அப்போது ஆம்ப்பில் ஒலியைப் பெருக்கும் வால்வு, தன்னால் தர முடிந்ததைவிட அதிகம் கேட்கப்படும் நிலைக்குப் போகிறது. அலையின் முகடு சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மழுங்குகிறது. மீட்டிய சுரத்தோடு அதன் மேல்சுரங்களும் கிளம்புகின்றன. பவர் சப்ளை ஒரு கணம் தளர்ந்து மீள்வதால் ஒலி அமுங்கிப் பிறகு மலர்கிறது. டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் தம் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கோணலாக்குகின்றன. இந்தக் கோணல் நிலையாக நிற்பதில்லை என்பதுதான் விஷயம். மெல்ல மீட்டினால் தெளிகிறது, அழுத்தி மீட்டினால் சீறுகிறது. விரலுக்கு ஆம்ப் பதில் சொல்கிறது. மாடலிங் செய்பவர்கள் பிடிக்கப் பார்ப்பது அந்தப் பதிலைத்தான். வெறும் கரகரப்பைத் தருவது 1960-களின் ஃபஸ் பெடலுக்கே முடிந்த காரியம்.

கிட்டார்காரர் எடி வான் ஹேலன் இதை இன்னொரு படி கொண்டுபோனார். தன் மார்ஷல் ஆம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை வேரியாக் என்ற கருவியால் 90 வோல்ட் அளவுக்கு இறக்கி வாசித்தார். நம் ஊர்களில் விளக்கு வைக்கும் நேரத்தில் இலவசமாகக் கிடைத்த லோ வோல்டேஜை அவர் கருவி வாங்கி வரவழைத்தார் என்றும் சொல்லலாம். 1978-இல் வெளிவந்த அவரது குழுவின் முதல் ஆல்பத்தின் ஒலியைத் தேடாத மாடலிங் நிறுவனம் அநேகமாக இல்லை.

மாடலிங் என்றாலே போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஹான்வெல் பக்கம் ஒருமுறை பார்க்க வேண்டும். மேற்கு லண்டனின் அந்தப் பகுதியில் ஜிம் மார்ஷல் டிரம் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் அப்போது இங்கிலாந்தில் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் விலை எட்டாது. 1962-இல் கடையின் மெக்கானிக் கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளைஞரும் ஃபெண்டர் பாஸ்மேனின் சுற்றை ஏறத்தாழ அப்படியே எடுத்துச் செய்ததுதான் முதல் மார்ஷல் ஆம்ப்பான ஜேடிஎம்45. அந்த பாஸ்மேனும் சொந்த வேலைக்குப் பயன்பட்ட பொருள் அல்ல: பாஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டதைச் சாதாரணக் கிட்டார்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் சுற்றின் அடிப்படைகளோ வால்வு நிறுவனங்களின் கையேடுகளில் அச்சான பொதுச்சொத்து. ஆக, இன்று மாடலிங் பெட்டியில் 'மார்ஷல்' என்று எழுதியிருப்பது நகலின் நகலுக்கு ஒரு நகல்.

ஆனால் அந்தப் பழைய நகலில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. லண்டனில் கிடைத்த பாகங்கள் வேறு. டிரான்ஸ்ஃபார்மர் வேறு, சீக்கிரமே கேடி66 என்ற பிரிட்டிஷ் வால்வு உள்ளே வந்தது. பின்புறம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு இருந்த இடத்தில், பின்புறம் மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர் நான்கு அமர்ந்தது. நகல் குறி தப்பியது. தப்பி விழுந்த இடத்தில் புதிதாக ஒரு ஒலி கிடைத்தது. 1966-இல் எரிக் கிளாப்டன் ஜான் மேயால் குழுவோடு டெக்கா கூடத்தில் தன் மார்ஷலை மேடையில் வைக்கும் அளவுக்கே சத்தமாக வைத்துப் பதிவு செய்தார். அந்த ஆல்பத்துக்குப் பிறகு கிட்டார் எப்படிக் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே மாறிவிட்டது. பாஸ்மேனைச் சரியாக நகலெடுக்க லண்டனில் முடிந்திருந்தால் இது நடந்திருக்காது.

டிரான்சிஸ்டர் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். எடை குறைவு, சூடு குறைவு, விலையும் குறைவு. ஆனால் எல்லை தாண்டினால் அலையை மழுக்காமல் வெட்டிவிடும். வால்வு வேஷம் போட்ட டிரான்சிஸ்டர் ஆம்ப்புகளில் பெரும்பாலானவை மறைந்துபோயின. வேஷம் போடாத ரோலண்ட் ஜேசி-120, 1975-இல் வந்தது, இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. 1982-இல் பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், ராக்மேன் என்ற சிறு பெட்டியில் ஹெட்போனைச் செருகினால் ஸ்டூடியோவில் முடித்த கிட்டார் ஒலி கேட்கும்படி செய்தார். 1989-இல் நியூயார்க்கின் டெக் 21 நிறுவனம் சான்ஸ்ஆம்ப் என்ற பெடலில் வால்வு ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் மைக்கையும் சேர்த்து அனலாக் சுற்றாலேயே பாவனை செய்தது. பெயரிலேயே 'ஆம்ப் இல்லாமல்' என்ற அறிவிப்பு.

டிஜிட்டல் கணக்கு 1990-களின் நடுவில் நுழைகிறது. ரோலண்டின் விஜி-8 1995-இல் வந்தது. அடுத்த ஆண்டு, சிந்தசைசர் தொழிலிலிருந்து வந்த மார்கஸ் ரைலும் மிஷெல் டுவாடிக்கும் லைன் 6 என்ற பெயரில் ஆக்ஸிஸ் 212 என்ற ஆம்ப்பை வெளியிட்டார்கள். 1998-இல் அவர்களுடைய 'பாட்' வந்தது: சிவப்பு நிறம், சிறுநீரக வடிவம், மேசைமேல் வைக்கும் அளவு. வீட்டில் பதிவு செய்பவர்களின் உலகம் அதோடு மாறியது. 12 அங்குல ஸ்பீக்கர் நான்கை உறுமவிட்டு அண்டை வீட்டாரிடம் திட்டு வாங்க வேண்டிய வேலையை, நள்ளிரவில் ஹெட்போனோடு முடித்துவிடலாம். 2006-இல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011-இல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் காட்டிய புரொஃபைலிங் ஆம்ப், 2019-இல் ஃபெண்டரே தன் ட்வின் ரிவெர்பை வால்வு இல்லாமல் விற்கத் தொடங்கிய டோன் மாஸ்டர். அசலைச் செய்தவரே நகலையும் விற்க வந்தபோது பழைய சண்டை பாதி ஓய்ந்துபோனது. வால்வு ட்வின் சுமார் 29 கிலோ, டோன் மாஸ்டர் 15. மாடிப்படி ஏறுகிறவர்களுக்குத் தத்துவ விவாதம் தேவைப்படவில்லை.

இதற்கு உலக அரசியலும் துணைபோனது. வால்வு செய்யும் பெரிய ஆலைகள் மிகச்சில: ரஷ்யாவின் சரத்தோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்ஸா, பிறகு சீனா. 2022 மார்ச்சில் உக்ரைன் போரையொட்டி ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது கிட்டார் வால்வுகளும் அதில் சிக்கின. தடை பின்னர் தளர்ந்தது, ஆனால் 1950-களின் ஒலி எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அந்தச் சில வாரங்களில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

சரி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது? இரண்டு வழி. ஒன்று, சுற்றின் ஒவ்வொரு பாகமும் எப்படி நடந்துகொள்ளும் என்று சமன்பாடு எழுதுவது. ஃபிராக்டல் இந்தப் பள்ளி. மற்றது, ஆம்ப்பைத் திறந்தே பார்க்காமல், ஒரு பக்கம் சோதனை ஒலிகளை அனுப்பி மறுபக்கம் வருவதைக் கேட்டு, இரண்டுக்கும் இடையிலான உறவைக் கற்றுக்கொள்வது. கெம்பரும், அதன்பின் வந்த நியூரல் நெட்வொர்க் பெட்டிகளும் இந்தப் பக்கம். முதல் வழியில் குமிழ்கள் அசல்போலவே நடக்கும். இரண்டாம் வழி ஒரு குறிப்பிட்ட ஆம்ப்பை ஒரு குறிப்பிட்ட நிலையில் பிடித்த படம்; குமிழைத் திருப்பினால் படத்தின் மேல் வண்ணம் பூசுவதாகிவிடும். ஒரே ஒலியை வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு இரண்டாவதே போதும். குமிழோடு விளையாடுகிறவர் முதல் பக்கம் போகட்டும்.

எந்த வழியானாலும், பெட்டி நமக்குத் தருவது மைக் கேட்ட ஆம்ப். மாடலிங்கைப் பற்றிய ஏமாற்றங்களில் பாதிக்கு வேர் இதுதான். பெரிய கேபினெட்டின் முன் நிற்பவருக்கு ஒலி காலிலும் நெஞ்சிலும் படுகிறது. அறையின் சுவர்களும் சேர்ந்து வாசிக்கின்றன. ஆனால் நாம் இசைத்தட்டில் கேட்டு மயங்கியது, ஸ்பீக்கர் காகிதத்துக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்த மைக் பிடித்த ஒலி. மாடலிங் பெட்டி அந்த இரண்டாவதைத்தான் படியெடுக்கிறது. ஹெட்போனில் அற்புதம். அதே அமைப்பை அறையில் நிற்கும் ஆம்ப்போடு ஒப்பிட்டால் ஏதோ குறைகிறது என்பார்கள். குறையத்தான் செய்யும்.

ஆகவே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, 'இதில் எத்தனை ஆம்ப் இருக்கிறது' என்பதல்ல, 'நான் எதன் வழியாகக் கேட்கப்போகிறேன்' என்பதே. பெரும்பாலும் ஹெட்போனும் கம்ப்யூட்டரும் என்றால் ஸ்பீக்கர் உள்ள ஆம்ப்பே தேவையில்லை. பணத்தை நல்ல ஹெட்போனில் போடலாம். வீட்டறையில் தனியாக வாசிப்பதற்கென்றே யமஹாவின் டிஎச்ஆர் வரிசை 2011-இல் தொடங்கியது. சின்ன ஸ்பீக்கர் இரண்டு, குறைந்த சத்தத்திலேயே முழு ஒலி. டிரம் வாசிப்பவரோடு ஒத்திகை என்றால் 12 அங்குல ஸ்பீக்கர் வேண்டும்; 2016-இல் வந்த, பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா போன்றவை இந்த இடத்தில் பெயர் எடுத்ததற்குக் காரணம், அவை கிட்டார் ஸ்பீக்கரோடு வாழ்வதுதான். மேடையில் நேரே அரங்கின் ஒலிபெருக்கி அமைப்பான பி.ஏ. சிஸ்டத்துக்குப் போகிறவருக்குத் தரையில் வைக்கும் பெட்டி போதும். 200 ஆம்ப், 300 எஃபெக்ட் என்ற அட்டைப்பெட்டி எண்களை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு மாதத்தில் மூன்று நான்கில் நின்றுவிடுகிறார்கள்.

இதிலேயே வரும் ஒரு தொழில்நுட்பத் தவறைச் சொல்லிவிட வேண்டும். மாடலிங் பெட்டியில் ஆம்ப் ஒரு பகுதி, கேபினெட்டும் மைக்கும் சேர்ந்தது இன்னொரு பகுதி. அந்த இரண்டாவது பகுதியை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற கோப்பாகத் தனியே மாற்றிக்கொள்ளவும் முடியும். பெட்டியை உண்மையான கிட்டார் கேபினெட்டில் செருகினால் இந்தப் பகுதியை அணைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கருக்குள் ஸ்பீக்கர் பேசுவதுபோல் மங்கிப்போகும். பி.ஏ.வுக்கோ ஹெட்போனுக்கோ போனால் கட்டாயம் போட வேண்டும், அணைத்தால் குளவிக்கூடு. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும் பொருள். பிசிறின் கூர்மையான மேல்பகுதியை வடிகட்டியே நமக்கு அது இனிமை தந்துகொண்டிருந்தது. 'டிஜிட்டல் ஒலி காதைக் குத்துகிறது' என்ற புகார்களில் பல, இந்த ஒரு சுவிட்சில் தீர்ந்துவிடும்.

சத்தத்தின் அளவு இன்னொரு பொறி. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியிட்ட வரைபடங்கள் சொன்னது: மெல்லிய சத்தத்தில் நம் காது கீழ்ச்சுரங்களையும் உச்சத்தையும் குறைவாகக் கேட்கிறது. அதனால் வீட்டில் மெதுவாக வைத்து உருவாக்கும் ஒலியில் நாமே பாஸையும் டிரெபிளையும் ஏற்றிவிடுவோம். சேமித்து வைத்த அதே அமைப்பு (பிரீசெட்) மேடையில் குடம்போல் அதிரும், ஊசிபோல் குத்தும், நடுவில் ஒன்றும் இருக்காது. பாஸ் கிட்டாரும் சிம்பலும் மீதியைத் தின்றுவிட, கிட்டார் காணாமல் போகும். மேடைக்கான ஒலியை மேடைச் சத்தத்தில்தான் செய்ய வேண்டும். அது முடியாவிட்டால், வீட்டில் கொஞ்சம் தட்டையாக, நடுச்சுரம் தூக்கலாகத் தோன்றும்படி விடலாம். பிசிறின் அளவைக் கூட்டும் கெயினையும் நாம் நினைப்பதைவிடக் குறைத்து வைப்பது நல்லது. தனியே வாசிக்கும்போது பிசிறு துணைக்கு நிற்கும். குழுவோடு வாசிக்கும்போது அதுவே சுரத்தின் நுனியை மறைக்கும்.

தாமதம் பற்றி ஒரு வார்த்தை. கணக்குப் போட நேரமாகிறதே, விரலுக்கும் ஒலிக்கும் இடையே இடைவெளி விழாதா என்பார்கள். நல்ல பெட்டிகளில் அது சில மில்லி வினாடிகள். ஒலி காற்றில் ஒரு மில்லி வினாடிக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும். 3 மில்லி வினாடித் தாமதம் என்பது ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். வயர்லெஸ், மிக்ஸர், காதுக்குள் செருகும் மானிட்டர் என்று டிஜிட்டல் படிகள் அடுக்கடுக்காகச் சேரும்போதுதான் கவனிக்க வேண்டும்.

நீடிப்பு விஷயத்தில் மட்டும் என் மனம் வால்வு பக்கம் சாய்கிறது. 1959-இல் செய்த ஆம்ப்பைப் பற்றவைப்புக்கோலும் அறிவும் உள்ள ஒருவர் இன்றும் உயிர்ப்பித்துவிடுவார். மாடலிங் ஆம்ப்பின் சிப் போனால் நிறுவனம் கைவிட்ட அன்றே அது குப்பை. குமிழ்களையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கைபேசிச் செயலியில் வைத்திருக்கும் ஆம்ப்புகளை வாங்க வேண்டாம் என்பேன். செயலி நின்றுபோனால் ஸ்பீக்கர் இருந்தும் ஊமை. முக்கியமான குமிழ்கள் பெட்டியின் மேலேயே இருக்கிறதா, கம்ப்யூட்டர் இல்லாமலும் பிரீசெட்டைச் சேமிக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இனி முதலில் விட்ட இடம்: குறி தப்புதல். பிசிறை ரசிப்பது நமக்குப் புதிதல்ல. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் நூலை நகர்த்தி ஜீவாளி வைப்பவர், சுத்தமான சுரத்தைக் கொஞ்சம் கெடுத்துத்தான் மேல்சுரங்களை எழுப்புகிறார். மின் தம்புரா வந்தபோது அந்த இழையும் ரீங்காரம் எங்கே என்று முணுமுணுத்தார்கள். பிறகு கச்சேரி மேடைகள் அதற்குப் பழகிவிட்டன. ஆனால் மின் தம்புராவின் வேலை, தெரிந்த ஒன்றைத் தெரிந்தபடியே ஒலிப்பது. கிட்டார் ஆம்ப்பின் வரலாறு அப்படி ஓடவில்லை. ஃபுல்லர்டனின் சுத்த ஒலியைத் தவறாகப் பயன்படுத்தி ஒன்று, ஹான்வெல்லின் கைகூடாத நகலில் ஒன்று, குறைந்த வோல்டேஜில் ஒன்று என்று ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைச் சரியாகச் செய்யத் தெரியாமல்தான் முன்னே போனது. மாடலிங் தொழில் சரியாகச் செய்யக் கற்றுவிட்டது. எங்காவது தவறினால் அடுத்த ஃபர்ம்வேரில் திருத்திவிடுகிறது.

டிஜிட்டலுக்கும் சொந்தமாக ஒரு பிசிறு உண்டு. வினாடியை 48,000 துண்டுகளாக வெட்டும் கணக்கில் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இடமில்லை. டிஸ்டார்ஷன் கிளப்பும் மேல்சுரங்கள் அந்தக் கூரையில் முட்டி மடிந்து, கீழே வேறு இடத்தில், மீட்டிய சுரத்தோடு ஒட்டாத அபசுரமாக விழுகின்றன. பொறியாளர்கள் துண்டுகளைப் பல மடங்காக்கி இதை அநேகமாக ஒழித்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் லியோ ஃபெண்டரும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் முதல் 'பாட்' பெட்டியின் வறண்ட, சற்றே தட்டையான ஒலியை வேண்டுமென்றே தேடி வாங்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். 1998-இல் குறையாக எண்ணப்பட்டது ஒரு தலைமுறைக்குள் ருசியாகிவிட்டது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வேறொன்று. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் வந்தபின், ஒரு கருவியின் ஒலியைப் படியெடுக்க நிறுவனம் தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், சோதனை ஒலிக்கோப்பு ஒன்று போதும். பெரும்பாலோர் இதிலும் அதே பாஸ்மேனையும் மார்ஷலையும்தான் பிடிக்கிறார்கள் என்பது வருத்தம். யாரும் பெயர் வைக்காத ஆம்ப்புகள் எத்தனையோ கிடக்கின்றன. அட்டத்தில் தூசி படிந்த வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்புறத்தில் கிராமஃபோன் செருக ஒரு துளை உண்டு. அதன் வழியே கிட்டாரை அனுப்பி, முன்னே ஒரு மைக் வைத்துப் பிடித்தால் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லாத பிசிறு ஒன்று கையில் இருக்கும். ஒரே எச்சரிக்கை: பழைய ரேடியோக்களில் சில, டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் நேரே மெயின்ஸில் ஓடுபவை, அவற்றின் உலோகச் சட்டத்தில் மின்சாரம் இருக்கும், கிட்டார் கம்பி வழியாகக் கைக்கு வந்துவிடும். விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டபிறகே கிட்டாரைச் செருக வேண்டும்.